8 மி.மீ. கார்ட்டூன் ரீல்கள்: ஓட்டலாமா, சேர்க்கலாமா?

ஒரு பெட்டி நிறைய 8 மி.மீ. கார்ட்டூன் ரீல்களும் கூடவே ஒரு பழைய ப்ரொஜெக்டரும் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. மிக்கி மவுஸ், உட்டி உட்பெக்கர் என்று அட்டைகளின் மேல் படம் போட்டிருக்கிறது. இவற்றை ஓட்டிப் பார்க்கலாமா, இதேபோல இன்னும் வாங்கிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், எல்லாமே இணையத்தில் பளிச்சென்று கிடைக்கும்போது இதற்கு மெனக்கெட வேண்டுமா என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் நிஜமாகக் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சிறு அளவு ஃபிலிம்களைச் சுத்தம் செய்வது, ஒட்டுவது, ஓட்டிக் காட்டுவது பல வருடங்களாக என் தொழில்; சேகரிப்பது அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். உங்கள் ரீல்களைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் எது நிச்சயம், எது நேரில் பார்த்தால்தான் தெரியும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கசப்பான பகுதி. ஒரு கார்ட்டூனை முழுத் தெளிவோடு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் 8 மி.மீ. வேண்டாம். திரையரங்கில் ஓடிய 35 மி.மீ. பிரதியில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 22-க்கு 16 மி.மீ. சூப்பர் 8 ஃபிரேம் 5.8-க்கு 4. அதற்கு முந்தைய ஸ்டாண்டர்ட் 8 இன்னும் சின்னது, 4.8-க்கு 3.5. பரப்பளவில் முறையே பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு. மூல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்து வெளியிட்ட நல்ல ப்ளூரேயோடு இது போட்டி போட முடியாது. ஃபிலிம் என்றாலே தரம் அதிகம் என்று சொல்பவர்கள் 35 மி.மீ.யை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அல்லது விற்க வந்திருக்கிறார்கள்.

இருந்தாலும் இந்தச் சின்ன ஃபிலிமுக்குக் கார்ட்டூனைப் போலப் பொருந்தும் சரக்கு வேறில்லை. நடிகர்கள் நடித்த படத்தில் தூரத்துக் காட்சி வந்தால் 8 மி.மீ.யில் முகமே தெரியாது. கார்ட்டூனில் தடித்த வெளிக்கோடு, நிழல் விழாத ஒரே நிறப் பூச்சு, எளிமையான பின்னணி. எவ்வளவு சுருக்கினாலும் மிக்கியின் காது மிக்கியின் காதாகவே தெரியும். நீளமும் தோதானது. ஏழு நிமிடக் கார்ட்டூன் 35 மி.மீ.யில் 630 அடி. அதுவே சூப்பர் 8-இல் 140 அடிதான். 200 அடி ரீல் ஒன்றில் முழுப்படமும் அடங்கி மீதி இடமும் இருக்கும். அதனால்தான் வீட்டுக்குப் படம் விற்க வந்த எல்லோரும் கார்ட்டூன்களையும் விற்றார்கள். 1922-இல் பிரான்ஸின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. ஃபிலிமைப் பாத்தே பேபி என்ற பெயரில் கொண்டுவந்தது. அதில் ஃபிலிமை இழுப்பதற்கான துளைகள் ஓரத்தில் இல்லை, ஃபிரேம்களுக்கு நடுவில். எழுத்து அட்டை (வசனத்தை எழுதிக் காட்டும் ஃபிரேம்) வரும் இடத்தில் ஃபிலிமின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். ப்ரொஜெக்டர் அதை உணர்ந்து அந்த ஃபிரேமைச் சில நொடி நிறுத்திக் காட்டும். ஒரு அட்டைக்காக அடிக்கணக்கில் ஃபிலிமை வீணாக்காமல் இருக்கச் செய்த தந்திரம். இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும், கெட்டிக்காரத்தனத்தை நினைத்து. கோடாக் 1923-இல் 16 மி.மீ.யையும், 1932-இல் அதையே நெடுக்காகப் பிளந்த 8 மி.மீ.யையும், 1965-இல் சூப்பர் 8-ஐயும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் காஸில் ஃபிலிம்ஸ் 1937-இலிருந்து வீட்டுப் படங்கள் விற்றது. வால்டர் லான்ட்ஸின் உட்டி உட்பெக்கர் அவர்கள் வழியாகத்தான் வீடுகளுக்குப் போனது. டிஸ்னி கார்ட்டூன்களை 1930-களில் ஹாலிவுட் ஃபிலிம் என்டர்பிரைசஸ் உரிமம் வாங்கி விற்றது. பிற்பாடு டிஸ்னியே தன் பெயரில் விற்றது. 1970-களின் நடுவில் பீட்டாமேக்ஸ், வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகள் வந்ததும் இந்தச் சந்தை சரிந்தது. இங்கிலாந்தின் டட்லியில் இருந்த டெரான் போன்ற ஒன்றிரண்டு கடைகள் மட்டும் 2010-களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்துப் புதுப் பிரிண்ட்கள் போட்டுக்கொண்டிருந்தன.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பெட்டியில் இருப்பவை திரையரங்கில் ஓடிய படங்களின் சின்ன நகல்கள் மட்டுமில்லை. அவை தனிப் பதிப்புகள். விற்றவர்கள் வெட்டினார்கள், பெயர் மாற்றினார்கள், வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டார்கள், பேசும் படத்தை ஊமையாக்கி இடையில் எழுத்து அட்டை சேர்த்தார்கள். 50 அடி ரீல் என்றால் அதில் இருப்பது மூன்று, நான்கு நிமிடத் துண்டுதான், முழுக்கதை இல்லை. 1930-களின் டிஸ்னி வீட்டு ரீல்களில் பல, ஒரு கார்ட்டூனின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் புதுப்பெயர் வைத்தவை. வான் பியூரன் ஸ்டுடியோவின் டாம் அண்ட் ஜெர்ரி (பூனையும் எலியும் இல்லை, அதற்கு முன்பிருந்த இரண்டு மனிதர்கள்) வீட்டுப் பதிப்பில் டிக் அண்ட் லாரி ஆனார்கள். ஆகவே ரீலின் பெயரை இணையத்தில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் அபூர்வமான தொலைந்துபோன படம் கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். பெரும்பாலும் அது பெயர் மாறிய தெரிந்த படம்தான். முதல் ஃபிரேம்களையும் பாத்திரங்களையும் பார்த்துத்தான் மூலப்படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் துப்பறிதல் பிடித்திருந்தால் சேகரிப்பு உங்களுக்கானது. பிடிக்கவில்லை என்றால் இருப்பதை ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மெனக்கெட வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். கதைக்காக என்றால் வேண்டாம். அந்தக் குறிப்பிட்ட பிரதிக்காகவும் அதை ஓட்டும் வேலைக்காகவும் என்றால் தாராளமாக.

இன்னொரு விஷயமும் உண்டு. டிஜிட்டல் வெளியீடு எல்லாமே ஃபிலிமைவிட நேர்மையானது என்று சொல்ல முடியாது. தூசியையும் கீறலையும் நீக்கும் மென்பொருள், வேகமாக நகரும் பாத்திரத்தின் மெல்லிய வரைகோட்டையும் அழுக்கு என்று நினைத்து அழித்த வெளியீடுகள் இருக்கின்றன. மறுவெளியீட்டின்போது மூலத் தலைப்பு அட்டைகளை நீக்கிப் புது அட்டை ஒட்டிய கார்ட்டூன்களும் ஏராளம். வார்னர் தன் பழைய படங்களை நீல ரிப்பன் வரிசையில் மறுபடி வெளியிட்டபோது பணியாற்றியவர்களின் பெயர்கள் அடங்கிய அட்டைகள் போயின. பாப்பாய் படங்கள் 1956-இல் தொலைக்காட்சிக்குக் கைமாறியபோது பாரமவுண்டின் முகப்புச் சின்னம் போனது. அதற்கு முன் பிரிண்ட் ஆன பிரதி ஒன்று 16 மி.மீ.யில் கிடைத்தால் அது வெறும் ஏக்கப் பொருள் இல்லை, சான்று. 8 மி.மீ. வீட்டுப் பதிப்பில் இந்த அதிர்ஷ்டம் அபூர்வம். விற்றவர்கள் தங்கள் அட்டையைத்தான் முன்னால் ஒட்டினார்கள்.

சரி, இப்போது ரீலைக் கையில் எடுங்கள். முதலில் அது ஸ்டாண்டர்ட் 8-ஆ, சூப்பர் 8-ஆ என்று பாருங்கள். துளை பெரிதாக, இரண்டு ஃபிரேம்கள் சேரும் கோட்டுக்கு நேராக இருந்தால் ஸ்டாண்டர்ட். சின்னதாக, ஃபிரேமின் நடு உயரத்துக்கு நேராக இருந்தால் சூப்பர். ரீலின் நடு ஓட்டையும் சூப்பரில் பெரியது, 12.7 மி.மீ. ஆனால் ரீலை யாராவது மாற்றிச் சுற்றியிருக்கலாம், ஃபிலிமின் துளையை மட்டும் நம்புங்கள். இரண்டுக்கும் அகலம் ஒன்றே என்பதால் தவறான ப்ரொஜெக்டரில் ஃபிலிம் சமர்த்தாக உள்ளே போய்விடும். போனபிறகு துளைகளைக் கிழிக்கும். இரண்டையும் ஓட்டும் ப்ரொஜெக்டர்கள் உண்டு. அவற்றிலும் ஒரு நெம்புகோலையோ ஸ்ப்ராக்கெட்டையோ (ஃபிலிமை இழுக்கும் பல்சக்கரம்) மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது வேகம். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை, ஆனால் கார்ட்டூன் ரீலில் ஏமாற்றம் தொடங்கும் இடம் இதுதான். பேசும் கார்ட்டூன் நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் வரையப்பட்டது. அதை ஊமையாக்கி வீட்டுக்கு விற்றபோது, வீட்டு ப்ரொஜெக்டர் ஸ்டாண்டர்ட் 8-இல் 16 ஃபிரேமிலும் சூப்பர் 8-இல் 18 ஃபிரேமிலும் ஓடியது. ஏழு நிமிடப் படம் 18-இல் ஒன்பது நிமிடம் இருபது நொடியாகவும், 16-இல் பத்தரை நிமிடமாகவும் இழுபடும். நடிகர்கள் நடித்த படத்தில் இது ஒரு சோம்பலான நடை, அவ்வளவுதான். கார்ட்டூனில் உயிரே போய்விடும். பல காட்சிகளில் ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துப் படம் பிடிப்பது வழக்கம். அதாவது நொடிக்கு 12 ஓவியங்கள். 16-இல் ஓட்டினால் அது எட்டாகக் குறைந்து, கண்ணுக்குத் தனித்தனிப் படங்களாகத் தெரிய ஆரம்பிக்கும். அதைவிட மோசம் நகைச்சுவைக்கு நேர்வது. பாத்திரம் மலை விளிம்பைத் தாண்டி ஓடி, காற்றில் நின்று, கீழே பார்த்து, நம்மைப் பார்த்து, அப்புறம் விழும். அந்த நிற்றலை இயக்குநர் ஃபிரேம் எண்ணி வைத்திருக்கிறார். 16 ஃபிரேம் நிறுத்தம் என்றால் 24-இல் அது நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. 16-இல் ஓடும் ப்ரொஜெக்டரில் முழு நொடி. சிரிப்பு வருவதற்கு முன்பே கொட்டாவி வந்துவிடும். பல ஸ்டுடியோக்களில் இசையின் தாளத்தை வைத்தே அசைவுகளைத் திட்டமிட்டார்கள். ஒரு தாளத்துக்கு 12 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 120 தாளம். இசையை எடுத்துவிட்டாலும் அந்தத் தாளம் அசைவுக்குள் இருக்கிறது, சரியான வேகத்தில் ஓட்டினால் ஊமை ரீலிலும் தெரியும். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள ப்ரொஜெக்டர், அல்லது 18, 24 என்று இரண்டு வேகம் உள்ளது, கார்ட்டூனுக்கு அவசியம் என்பேன். ஒளிக்காகவோ லென்ஸுக்காகவோ ஒரு மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். இதில் ஒரு சந்தேகப் பகுதியும் உண்டு. 1920-களின் மௌனக் கார்ட்டூன்கள், ஃபெலிக்ஸ் பூனை போன்றவை, எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கு நிலையான பதில் கிடையாது. அன்று அரங்குக்கு அரங்கு வேகம் மாறியது. 16-இலிருந்து 24 வரை ஓட்டிப் பார்த்து உங்கள் கண்ணுக்கு நடை இயல்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். யாராவது ஒரே எண்ணை அடித்துச் சொன்னால் அது அவருடைய ரசனை.

வண்ணம். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் படம் வெள்ளியால் ஆனது. சரியாகக் கழுவியிருந்தால் பல தலைமுறை நிற்கும். வண்ணப் பிரிண்டில் படம் சாயத்தால் ஆனது. 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை பரவலாகப் பயன்பட்ட ஈஸ்ட்மன்கலர் வகைப் பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சள் சாயமும் இருட்டுப் பெட்டிக்குள் இருந்தபடியே மங்கிவிடும். மெஜந்தா மட்டும் தங்கும். வானம், புல், தண்ணீர் எல்லாம் இளஞ்சிவப்பு. இது மீளாது. லென்ஸின் முன் வெளிர்நீலப்பச்சை வடிகட்டி வைத்தால் கண்ணுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், வெளிச்சம் குறையும், அவ்வளவே. 1980-களின் தொடக்கத்தில் கோடாக் கொண்டுவந்த, எல்.பி.பி. என்று விளிம்பில் எழுதியிருக்கும் ஃபிலிம் இந்த விஷயத்தில் பெரிய முன்னேற்றம். அதற்குப் பின்னால் போட்ட பிரிண்ட்கள் பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. பழையவற்றில் நம்பத்தக்கவை இரண்டு. ஒன்று கோடாக்ரோம் ஃபிலிமில் போட்ட பிரதிகள்; இருட்டில் வைத்தால் அந்தச் சாயம் அசாத்தியமாக நிற்கும். மற்றது டெக்னிகலரின் சாயமாற்று முறையில் (சாயத்தை அச்சடிப்பது போல ஃபிலிமில் ஏற்றுவது) செய்தவை. அமெரிக்காவில் அந்த முறை 1970-களின் நடுவில் நின்றது. 16 மி.மீ.யில் டெக்னிகலர் கார்ட்டூன் பிரதி கிடைத்தால் அதன் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துவிட்டு ஈஸ்ட்மன்கலர் பக்கம் திரும்ப மனம் வராது.

ஒரு கிளைக்கதை. டிஸ்னியின் 1932-ஆம் வருடத்து ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ் முதல் முழு மூவண்ண டெக்னிகலர் கார்ட்டூன். 1935 முடியும் வரை கார்ட்டூனில் அந்த முறையை டிஸ்னி மட்டுமே பயன்படுத்த ஒப்பந்தம் இருந்தது. அதனால்தான் அந்த வருடங்களில் மற்ற ஸ்டுடியோக்களின் வண்ணக் கார்ட்டூன்களில் ஒரு விசித்திரமான இருவண்ணத் தோற்றம். அந்தப் பிரதியில் நீலம் சரியில்லையே என்று சாயத்தைக் குறை சொல்லாதீர்கள், படமே அப்படித்தான். கார்ட்டூன் அசையாப் பொருளை ஃபிரேம் ஃபிரேமாக எடுப்பது என்பதால் மூன்று நெகட்டிவ் ஓடும் பெரிய கேமரா தேவைப்படவில்லை. ஒரே கறுப்பு வெள்ளை நெகட்டிவில் ஒவ்வொரு ஓவியத்தையும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று முறை அடுத்தடுத்துப் பிடித்தார்கள். அந்த நெகட்டிவில் மங்குவதற்குச் சாயமே கிடையாது. அவை பிழைத்திருக்கும் படங்களுக்கு இன்றைய டிஜிட்டல் வண்ணம் அவ்வளவு அழகாக வருவதற்கு அதுதான் காரணம். உங்கள் 1970-களின் சூப்பர் 8 பிரதி சிவந்துபோனதற்கும் மூலத்துக்கும் சம்பந்தமில்லை.

வாங்கும் முன் வண்ணத்தை எப்படிச் சோதிப்பது? கார்ட்டூனில் முகநிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, பன்றி எப்படியும் இளஞ்சிவப்புதான். கறுப்பைப் பாருங்கள். வெளிக்கோடும் இரவு வானமும் கருகருவென்று இல்லாமல் செம்பழுப்பாகத் தெரிந்தால் மங்கல் தொடங்கிவிட்டது. விற்பவர் அனுப்பும் புகைப்படத்தை அப்படியே நம்ப வேண்டாம்; கைப்பேசிக் கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்து மங்கலை மறைத்துவிடும். ஃபிலிமை ஒரு வெள்ளைத் திரையின் முன் பிடித்து, பக்கத்தில் வெற்று வெள்ளையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். 16 மி.மீ.யில் விளிம்பில் கோடாக் அச்சிட்ட வட்டம், சதுரம், முக்கோணக் குறிகளை வைத்து வருடம் சொல்வார்கள். அந்தக் குறிகள் இருபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், நெகட்டிவின் குறியே பிரதியிலும் பதிந்திருக்கவும் கூடும். ஆகவே அது துணைச்சான்று மட்டும்.

ஃபிலிமின் உடலைப் பற்றி. தீப்பிடிக்கும் நைட்ரேட் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். கோடாக்கின் வீட்டு ஃபிலிம்கள் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பான அசிட்டேட்டில்தான் வந்தன. அசிட்டேட்டின் நோய் வேறு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது என்று பொருள். அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் புது அசிட்டேட் ஃபிலிமுக்கு இந்த நிலை தொடங்க ஏறத்தாழ 40 வருடம் என்பது ரோசெஸ்டரில் உள்ள பட நிலைப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. வெப்பமும் ஈரமும் கூடினால் காலம் வெகுவாகச் சுருங்கும். ஆகவே குளிர்ச்சியான, உலர்ந்த அறையில் படுக்கை வாட்டில் வையுங்கள், மொட்டைமாடி அறை வேண்டாம். காந்த ஒலிப்பட்டை உள்ள பிரதிகளில் பட்டையின் இரும்பு ஆக்சைடு சிதைவைத் தூண்டும், அவற்றை அடிக்கடி பாருங்கள். வாசனை வரும் ரீலைத் தனியே வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம். ஒரு ரீலின் அமிலம் அலமாரியில் இருக்கும் மற்ற ரீல்களை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதில் சேகரிப்பாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. காற்றோட்டம் இருந்தால் ஆபத்து குறைவு என்பது வரை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். நான் பிரித்தே வைக்கிறேன். வாசனை மட்டும் இருந்து ஃபிலிம் தட்டையாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தால் ஓட்டலாம். சுருங்கிவிட்டதா என்பதற்குச் சோதனை இருக்கிறது. சூப்பர் 8-இல் நூறு ஃபிரேம் நீளம் 423 மி.மீ., ஸ்டாண்டர்ட் 8-இல் 381 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்தால் ப்ரொஜெக்டரின் பல்லும் துளையும் பொருந்தாது, ஓட்டாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன் கையால் சுற்றும் ரீவைண்டரில் போட்டு ஒரு முறை முழுக்கப் பாருங்கள். விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவே மெல்ல ஓடவிட்டால் கிழிந்த துளை, பிரிந்த ஒட்டு எல்லாம் விரலுக்கே தெரியும். இதற்குப் பருத்திக் கையுறை வேண்டாம், கிழிசலில் நூல் மாட்டும். கழுவிக் காய்ந்த கை போதும். பழைய ஒட்டுகளைப் புதிதாக ஒட்டிவிடுங்கள். அசிட்டேட்டை ஃபிலிம் சிமெண்ட் என்ற பசையால் ஒட்டலாம். பாலியெஸ்டர் சிமெண்டுக்குப் பிடிக்காது, டேப்தான். எது எது என்று தெரிய, சுற்றிய ரீலைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பாலியெஸ்டர். தண்ணீர் பட்ட துணியால் எதையும் துடைக்காதீர்கள். படம் இருக்கும் பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் இளகும்.

ப்ரொஜெக்டரை எடுத்ததும் மின்சாரத்தில் செருக வேண்டாம். மின்னழுத்தத் தேர்வு எதில் நிற்கிறது என்று பாருங்கள். ரப்பர் பெல்ட்டுகள் தாராகக் குழைந்திருக்கலாம், அல்லது பல வருடம் ஒரே இடத்தில் நின்று மேடுபள்ளமாகியிருக்கலாம். ஃபிலிம் போகும் பாதை முழுவதையும், குறிப்பாகக் கேட்டை (விளக்குக்கு முன்னால் ஃபிலிம் நின்று போகும் சட்டம்), சுரண்டாமல் மென்மையான மரக்குச்சியும் துணியும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். அங்கே ஒட்டிய பூச்சுத் துணுக்கு ஒன்று போதும், ரீல் முழுக்க நேர்கோடாகக் கீறல் விழ. பிறகு உங்களுக்கு வேண்டாத ஒரு ஃபிலிமை ஓட்டி, அதைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, புதுக்கோடு விழவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் உட்டி உட்பெக்கரைப் போட வேண்டும். தானாக ஃபிலிம் ஏற்றிக்கொள்ளும் வகைகளில் நடுவில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. ஆகவே முன்னால் நான்கைந்து அடி லீடர் (படம் இல்லாத வெற்று ஃபிலிம்) ஒட்டுங்கள், நொறுங்கும் நிலையில் உள்ள ஃபிலிமை அதில் ஏற்றாதீர்கள். ஃபிரேமை நிறுத்திப் பார்க்கும் வசதியையும் பயன்படுத்த வேண்டாம். வெப்ப வடிகட்டி சரியாக இறங்கவில்லை என்றால் சில நொடியில் படம் உருகும். மோட்டார் ஓடுமா, பல்பு எரியுமா என்பதெல்லாம் நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாத விஷயங்கள். சந்தேகம் இருந்தால் இயந்திரத்தைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

திரை ஆசையை அடக்க வேண்டும். 100 வாட் ஹாலஜன் பல்பின் வெளிச்சத்துக்கு ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் மீட்டர் அகலம்தான் பொருந்தும். 20 மி.மீ. லென்ஸ் வைத்து நாலு மீட்டர் தள்ளி ப்ரொஜெக்டரை வைத்தால் சூப்பர் 8-இல் அந்த அளவு வரும். சுவர் முழுக்க விரித்தால் மங்கலும் துகள்களும்தான் பெரிதாகும்.

மேலும் சேர்ப்பதாக முடிவெடுத்தால் என் யோசனை, கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள். மௌனக் காலத்துக் கார்ட்டூன்கள் ஊமை ரீலாகவே பிறந்தவை, வெட்டியவை குறைவு, மங்குவதற்குச் சாயமும் இல்லை. அப்புறம் காந்த ஒலி உள்ள சூப்பர் 8 வண்ணப் பிரதிகள். அவற்றில் ஒலி படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் இருக்கும், ஆகவே நடுவில் வெட்டி ஒட்டினால் படம் தாவும் இடமும் ஒலி தாவும் இடமும் வேறு வேறாகும். முழுநீளக் கார்ட்டூன் படங்களின் 200 அடித் துண்டுகளில், ஒரே பாட்டையோ ஒரே காட்சியையோ முழுதாகக் கொடுப்பவை நல்லவை. எண்பது நிமிடக் கதையைப் பத்து நிமிடத்தில் சுருக்கியவற்றை நான் தொடுவதில்லை. 16 மி.மீ. பக்கம் ஒருநாள் மனம் போகும். போனால், ஒலிப்பிரதியில் ஒரு பக்கம்தான் துளை இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பக்கமும் பல் உள்ள பழைய மௌன ப்ரொஜெக்டரில் போட்டால் ஒலிப்பட்டையில் வரிசையாக ஓட்டை விழும்.

குழந்தைகளுக்குக் காட்டும் முன் ஒவ்வொரு ரீலையும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 1930-40களின் கார்ட்டூன்களில் கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் கேலி செய்யும் காட்சிகள் சர்வசாதாரணம், வீட்டுப் பிரதிகளிலும் அவை இருக்கலாம். ரீல் உங்களுடையது என்பதால் படத்தின் உரிமை உங்களுடையது ஆகாது. வீட்டில் ஓட்டுவது ஒன்று, காசு வாங்கிக் காட்டுவதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு. மிக்கி மவுஸின் ஸ்டீம்போட் வில்லி அமெரிக்காவில் 2024 ஜனவரியில் உரிமைக் காலம் முடிந்து பொதுச் சொத்தாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கணக்கு வேறு. ஸ்கேன் செய்வது பற்றியும் யோசிப்பீர்கள். ஏற்கெனவே நல்ல பதிப்பு வெளிவந்த கார்ட்டூனை 8 மி.மீ.யிலிருந்து ஸ்கேன் செய்வதில் பயனில்லை. உங்கள் ரீலில் வேறெங்கும் இல்லாத தலைப்பு அட்டையோ காட்சியோ இருந்தால், திரையில் விழும் படத்தைக் கைப்பேசியில் பிடிக்காமல், துளைப் பற்கள் இல்லாமல் ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஃபிரேமின் ஓரத்தை வெட்டாமல், துளை தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பு என்று பின்னால் அடையாளம் காண அந்த ஓரம்தான் உதவும்.